தார்ப்பாய்க்கு அடியில் முப்பது ஆண்டுகள்

(இயந்திரவியல் துறை, 2004–2008)

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு. கவிதை மட்டும் வேண்டாம்" என்று மலர்க்குழு நண்பர் போனில் சொன்னார். விடுதியில் நான் எழுதிய ஒரே கவிதையை மெஸ் வாசலில் ஒட்டி என் மானத்தை வாங்கியவர்களில் அவரும் ஒருவர். ஆகவே அவர் பயம் நியாயமானதுதான். "வரலாற்றுக் கட்டுரை எழுதுகிறேன்" என்றேன். "எந்த ராஜா?" என்றார். "ராஜா இல்லை, ஒரு கார்" என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "சரி, நாலு பக்கத்துக்குள் முடி" என்றார்.

இது எங்கள் வீட்டுக் காரின் வரலாறு. ஆனால் எங்கள் வீட்டோடு நிற்காது. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் தொடங்கி, நம் வண்டலூர் வழியாக, கடைசியில் நம் கல்லூரி உலோகவியல் ஆய்வகத்தின் நுண்ணோக்கிக்கு அடியில் வந்து முடிகிறது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் படித்த அண்ணன்மார்களுக்குச் சில பெயர்கள் பழைய ஞாபகங்களைக் கிளறும். இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு பாடமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஷெட்டில் கிடந்த வண்டி

என் தாத்தா அறுபதுகளின் தொடக்கத்தில் பர்மிங்காமில் சில வருஷம் வேலை பார்த்தவர். அங்கே 1966-இல் ஒரு பழைய காரை வாங்கினார். பழையது என்றால் இரண்டே வயது. 1964-ஆம் வருஷத்து ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். மேலே கூரை கிடையாது, துணிதான். பச்சை நிறம். 1967-இல் ஊர் திரும்பும்போது அதையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். சென்னைத் துறைமுகத்தில் கட்டிய சுங்க வரியைப் பற்றிப் பாட்டி கடைசி வரை பேசிக்கொண்டிருந்தார். "அந்தக் காசுக்கு ரெண்டு கிரவுண்டு வாங்கியிருக்கலாம்" என்பது எங்கள் வீட்டுப் பழமொழி.

தாத்தா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறை வைத்தார். சைதாப்பேட்டை வீட்டிலிருந்து தினமும் இந்த வண்டியில்தான் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சோழவரம் போவாராம். சோழவரம் என்றதும் அண்ணன்மார்களுக்குப் புரிந்திருக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை வரும்வரை, தென்னாட்டில் கார்ப் பந்தயம் என்றால் சோழவரம்தான். தாத்தா பந்தயத்தில் ஓட்டியதில்லை. வேடிக்கை பார்க்கத்தான் போனார். ஆனால் திரும்பி வரும்போது வண்டி கொஞ்சம் வேகமாகவே வரும் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

எனக்கு இந்த ஞாபகம் எதுவும் கிடையாது. நான் பிறந்தது 1987-இல். வண்டி நின்றது 1989 ஜனவரியில். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஷெட்டில், செங்கல் அடுக்கின் மேல், பச்சைத் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த ஒரு உருவம்தான். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பாட்டி அந்தத் தார்ப்பாயின் மேலேயே சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, முன்னால் ஒரு எலுமிச்சம்பழமும் வைப்பார். ஓடாத சக்கரத்துக்கு எதற்கு எலுமிச்சம்பழம் என்று நான் கேட்டதுண்டு. "உங்க தாத்தா ஓடும்னு சொல்றாரே" என்பார். தாத்தா 2001-இல் காலமானார். எலுமிச்சம்பழம் நிற்கவில்லை.

அப்பா அந்த ஷெட்டுக்குள் போகவே மாட்டார். விற்கவும் விடமாட்டார், ரிப்பேர் பார்க்கவும் விடமாட்டார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு நினைவு தெரிந்து அப்பா எந்தக் காரையும் ஓட்டியதில்லை. ஓய்வு பெறும்வரை வங்கிக்கு ஸ்கூட்டரில்தான் போனார். வீட்டுக்கு மாருதி வந்தபோது அதை ஓட்டியது அம்மா. அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்றே நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்தது. ஷெட்டில் வண்டியின் அடித்தளம் வரை தண்ணீர். வடிந்த பிறகு தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். கதவுக்குக் கீழே இருக்கும் தகடு கையோடு பிய்ந்து வந்தது. இனியும் விட்டால் இரும்புக் கடைக்குத்தான் போகும் என்று தெரிந்துவிட்டது. இருந்தும் அப்பாவைச் சம்மதிக்க வைக்க 2019 வரை ஆயிற்று. "உன் இஷ்டம். என்னை எதுவும் கேட்காதே" என்பதுதான் அவர் தந்த சம்மதம்.

கவென்ட்ரி முதல் வண்டலூர் வரை

வேலையைத் தொடங்கும் முன் வண்டியின் பூர்வீகத்தைப் படித்தேன். அது நான் எதிர்பார்த்ததைவிட நம் ஊருக்குப் பக்கத்தில் இருந்தது.

ட்ரையம்ப் ஒரு பழைய பெயர். ஜெர்மனியிலிருந்து வந்த சீக்ஃப்ரீட் பெட்மன் என்பவர் சைக்கிள் வியாபாரமாகத் தொடங்கியது. பிறகு மோட்டார் சைக்கிள், 1923 முதல் கார். இரண்டாம் உலகப் போரின் முடிவில் அந்தக் கார்ப் பிரிவை ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி வாங்கியது. இரண்டும் கவென்ட்ரியில் இருந்தவை. அந்த ஸ்டாண்டர்டுதான் நம் ஸ்டாண்டர்டு! 1948-இல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொடங்கியது அவர்களோடு கூட்டாகத்தான்.

இப்போது ஒரு சுவாரசியமான திருப்பம். 1953-இல் ஸ்டாண்டர்டுக்குக் கார் பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோ என்ற கம்பெனியை, போட்டியாளரான பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டது. (நம் அம்பாசடரின் மூதாதையான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைச் செய்த அதே பி.எம்.சி.தான்.) அந்தக் காலத்தில் எல்லோரும் பாடியும் சேஸிஸும் ஒன்றாகச் சேர்ந்த ஒற்றைக் கூடு வண்டிகளுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அப்படி முழுக் கூட்டை அடித்துக் கொடுக்க ஸ்டாண்டர்டுக்கு ஆள் இல்லை. என்ன செய்வது? பொறியாளர் ஹாரி வெப்ஸ்டரின் குழு பழைய வழிக்கே திரும்பியது. தனியாக ஒரு சேஸிஸ். அதன் மேல் சிறு சிறு கம்பெனிகளில் செய்து வாங்கிய பகுதிகளைப் போல்ட் போட்டு மாட்டிக்கொள்ளும் பாடி. வடிவம் இத்தாலியில் டூரின் நகரத்துக் கலைஞர் ஜியோவன்னி மிக்கெலாட்டி வரைந்தது. அதுதான் 1959-இல் வந்த ட்ரையம்ப் ஹெரால்டு.

வேறு வழியில்லாமல் செய்ததுதான். ஆனால் அதில் ஒரு லாபம் இருந்தது. போல்ட் போட்டு மாட்டும் வண்டியைப் பெட்டியில் அடைத்து உலகத்தின் எந்த மூலைக்கும் அனுப்பலாம். அங்கே பெரிய பிரஸ் இல்லாமலே ஒன்று சேர்க்கலாம். அந்நாளில் நம் நாட்டில் முழுக் காராக இறக்குமதி செய்வது அநேகமாக முடியாத காரியம். உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்ற கொள்கை வந்து, ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் ஐம்பதுகளில் மூட்டை கட்டிவிட்டன. அந்தச் சூழ்நிலையில் 1961 முதல் சென்னையில் ஹெரால்டு உருவானது. 948 சி.சி. என்ஜின். முன்பக்கம் முழுவதும் முதலை வாய் மாதிரி திறக்கும் பானெட். 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும் ஸ்டியரிங். கல்கத்தா அம்பாசடர், பம்பாய் ஃபியட், சென்னை ஹெரால்டு என்று மூன்று ஊருக்கு மூன்று வண்டி இருந்த காலம் அது. பிறகு நாலு கதவு வைத்த மார்க் த்ரீ, எழுபதுகளில் கெசல், 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று வந்து, அந்தக் கதை எண்பதுகளின் கடைசியில் முடிந்தது.

சரி, ஸ்பிட்ஃபயர் எங்கே வந்தது? ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, அதன் மேல் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வரையச் சொல்லி மிக்கெலாட்டியிடம் கொடுத்தார்கள். மாதிரி வண்டியும் தயாரானது. அதற்குள் கம்பெனியில் காசு தீர்ந்துவிட்டது. மாதிரியைத் தொழிற்சாலையின் ஒரு மூலையில் தள்ளி, துணி போட்டு மூடிவிட்டார்கள். 1961-இல் லேலண்டு கம்பெனி ஸ்டாண்டர்டு ட்ரையம்ப்பை வாங்கியது. (எண்ணூர் அசோக் லேலண்டின் கூட்டாளியான அதே லேலண்டு.) புது முதலாளிகள் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்தபோது மூலையில் அந்தத் துணியைத் தூக்கிப் பார்த்தார்கள். பார்த்ததும் பிடித்துப்போயிற்று. 1962 அக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் ஸ்பிட்ஃபயர் வெளிவந்தது. உலகப் போரின் போர் விமானத்து பெயர். 1147 சி.சி. என்ஜின், இரண்டு கார்புரேட்டர், 63 குதிரைத்திறன், முன்னால் டிஸ்க் பிரேக், எடை சுமார் 700 கிலோ. 1965-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றது.

அதாவது, இந்த வண்டி பிறந்ததே துணிக்கு அடியிலிருந்துதான்! இதைப் படித்த அன்று ராத்திரி ஷெட்டுக்குப் போய்த் தார்ப்பாயை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.

பாயின் தீர்ப்பு

வேலையை யாரிடம் கொடுப்பது? நண்பர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "பழைய என்ஜினைத் தூக்கிப் போட்டுட்டு மாருதி என்ஜின் வை. ஏசி கூட மாட்டலாம்" என்றான் ஒருவன். கூரையே இல்லாத வண்டிக்கு ஏசி! நல்ல வேளை, கேட்கவில்லை. 2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டு வந்தது. ஐம்பது வயது தாண்டிய வண்டி, சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் இருந்தால்தான் அந்தப் பதிவு கிடைக்கும். ஏற்கனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். மாருதி என்ஜின் வைத்திருந்தால் அது போயிருக்கும்.

புதுப்பேட்டையில் விசாரித்து விசாரித்து, ராயப்பேட்டைச் சந்து ஒன்றில் எழுபது வயது தாண்டிய ஒரு பாயைக் கண்டுபிடித்தேன். சிறு வயதிலிருந்து ஹெரால்டு வேலை மட்டுமே பார்த்தவர். இப்போது மகன் ஆட்டோ ஒர்க்‌ஷாப் நடத்துகிறார், இவர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஸ்பிட்ஃபயர் என்றதும், "அந்த மாடல் நான் பார்த்ததில்ல தம்பி" என்றார். வற்புறுத்தி அழைத்து வந்தேன். ஷெட்டில் குனிந்து, டார்ச் அடித்து, முன்னால் ஐந்து நிமிஷம், பின்னால் ஐந்து நிமிஷம் பார்த்தார். எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு சொன்னார்:

"இன்னா தம்பி, பயமுறுத்திட்ட! இது நம்ம ஹெரால்டுதான். சட்டை மாத்திக்கினு வந்துக்குது."

நான் பத்து நாள் படித்துத் தெரிந்துகொண்ட வரலாற்றை அவர் பத்து நிமிஷத்தில் தரையில் படுத்துப் படித்துவிட்டார்.

ஆனால் எல்லாம் ஹெரால்டு இல்லை என்பதை நாங்கள் ஒரு தவறின் மூலம் கற்றோம். ஹெரால்டின் சேஸிஸில் பக்கவாட்டுச் சட்டங்கள் உண்டு. ஸ்பிட்ஃபயரில் அவற்றை எடுத்துவிட்டு, நடுவில் முதுகெலும்பு மாதிரி இரண்டு சட்டம் மட்டும் வைத்தார்கள். பக்கத்துப் பலத்தைத் தருவது கதவுக்குக் கீழே இருக்கும் பெட்டி மாதிரியான தகடு. வெள்ளத்தில் பிய்ந்து வந்த தகடு அதுதான். இது தெரியாமல் டிங்கர் ஒரு பக்கத் தகட்டை முழுசாக வெட்டி எடுத்தார். மறுநாள் காலை கதவை மூடப் பார்த்தால் மூடவில்லை. நடுவில் வண்டி லேசாகத் தொய்ந்துவிட்டது! பிறகு கதவு இடைவெளியில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டு செய்து, ஜாக்கியால் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக ஏற்றி, பழைய அளவுக்குக் கொண்டு வந்த பிறகுதான் புதுத் தகடு வைத்தோம். அந்த ஒரு வெட்டுக்கு இரண்டு மாதம் போயிற்று. கட்டுமானவியல் நண்பர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள்: தாங்கு கொடுக்காமல் சுவரை இடிப்பவன் உண்டா?

என்ஜின் இறுகிப் போயிருந்தது. ஸ்பார்க் பிளக் துவாரம் வழியாக டீசலும் ஆயிலும் ஊற்றி இரண்டு வாரம் ஊற வைத்தோம். கையால் மெல்லத் திருப்ப, ஒரு நாள் "டக்" என்று அசைந்தது. பிரித்து வேலை பார்த்தோம். இந்த என்ஜினுக்கு ஒரு பலவீனம் உண்டு. கிராங்க் ஷாஃப்ட் முன்பின் நகராமல் பிடித்துக்கொள்ளும் பிறை வடிவ வாஷர் தேய்ந்தால் கழன்று கீழே விழுந்துவிடும். 0.2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய ஆட்டத்தைப் பாய் அளந்து பார்க்கவில்லை. கிளட்சை மிதிக்கச் சொல்லி, கட்டை விரலைப் புல்லியில் வைத்தே "மாத்தணும்" என்றார். டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். மாற்றத்தான் வேண்டியிருந்தது. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றினோம்.

இடையில் 2020-இல் ஊரடங்கு. பல மாதம் வேலை நின்றது. எவ்வளவு செலவானது என்று கேட்காதீர்கள். இந்த மலரை என் மனைவியும் படிப்பாள்.

உடைந்த துண்டு

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வண்டி ஏன் நின்றது?

ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டிலும் முன் சக்கரத்தைத் தாங்குவது நெட்டுக்குத்தாக நிற்கும் ஒரு எஃகுத் தண்டு. வெர்டிகல் லிங்க் என்பார்கள். அதன் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு பித்தளைக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டைக்கு ட்ரன்னியன் என்று பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தண்டு அந்த மரைக்குள்ளேயே திரும்பும். நல்ல அமைப்பு. லோட்டஸ் கம்பெனி கூடத் தன் கார்களுக்கு இதை வாங்கிப் பயன்படுத்தியது. ஒரே நிபந்தனை: அந்த மரைக்குக் கெட்டியான கியர் ஆயில் விட வேண்டும். கிரீஸ் கூடாது. கிரீஸ் மரையின் இண்டு இடுக்குக்குள் இறங்காமல் காய்ந்து இறுகிவிடும். தண்ணீர் புகுந்து எஃகை அரிக்கும். ஒரு நாள் தண்டு முறியும். வேடிக்கை என்னவென்றால், அந்த ஆயிலை ஏற்றுவதும் கிரீஸ் கன்னால்தான். கன்னுக்குள் கிரீஸுக்குப் பதில் ஆயில் நிரப்ப வேண்டும். கையில் கிரீஸ் கன்னைக் கொடுத்துக் கிரீஸ் அடிக்காதே என்றால் யாருக்குத்தான் குழப்பம் வராது?

1988 அக்டோபரில், ஆயுத பூஜைக்கு முந்தின நாள், அப்பா ஆசையாக வண்டியைக் கழுவித் துடைத்து, எல்லா இடத்திலும் கிரீஸ் அடித்தார். 1989 ஜனவரியில், தாத்தா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அப்பா ஓட்டி வந்து வீட்டுச் சந்துக்குள் மெதுவாகத் திருப்பினார். இடது முன் தண்டு முறிந்தது. சக்கரம் மடங்கி வண்டி தரையில் உட்கார்ந்தது. யாருக்கும் அடி இல்லை. வந்து பார்த்த மெக்கானிக் கேட்ட முதல் கேள்வி: "இதுல யாரு சார் கிரீஸ் அடிச்சது?" தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவைத் திட்டவும் இல்லை. அன்று செங்கல் மேல் ஏற்றிய வண்டி பிறகு இறங்கவில்லை. அப்பாவும் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

இதையெல்லாம் அப்பா என்னிடம் சொன்னது 2021-இல். அதுவும் தானாகச் சொல்லவில்லை. பாய் வலது பக்கத்து ட்ரன்னியனைக் கழற்றினார். அது முறியாத பக்கம். உள்ளே ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி, உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மேலே காய்ந்த மஞ்சள் கிரீஸ். அதற்குக் கீழே, கரித்துண்டு மாதிரி இறுகிப்போன கறுப்பு அடுக்கு ஒன்று. "தம்பி, இது ஒரே நாள்ல அடிச்சது இல்ல. இந்த மஞ்சள் கடைசியா அடிச்சது. அடியில கறுப்பா இருக்குதே, அது ரொம்பப் பழசு" என்றார். கீழடியில் மண்ணடுக்கைப் பார்த்துக் காலம் சொல்வது போல இருந்தது. சாயங்காலம் வீட்டில் இதைச் சாதாரணமாகச் சொன்னேன். அப்பா சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தினார். "மஞ்சள் நான் அடிச்சது" என்றார். பிறகுதான் மேலே எழுதியது அத்தனையும் வந்தது. பேசி முடித்துவிட்டு எழுந்து போய், பாட்டியின் பழைய பீரோவிலிருந்து தாத்தாவின் டூல் பாக்ஸைக் கொண்டு வந்து வைத்தார். முப்பத்திரண்டு வருஷமாக அவர் அதைத் திறந்ததில்லை.

ஸ்பேனர்களுக்கு அடியில், ஆயில் தோய்ந்த துணியில் இறுக்கிச் சுற்றி, அந்த உடைந்த தண்டு இருந்தது. தாத்தா தூக்கிப் போடவில்லை. ஆயில் துணியால் முறிந்த முகம் துருவேறாமல் அப்படியே இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு நம் கல்லூரிக்கு வந்தேன். எங்களுக்கு உலோகவியல் பாடம் எடுத்த பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டாலும் எனக்காக வந்தார். "என்னப்பா, இன்னும் அரியர் பாக்கி இருக்கா?" என்றார் முதலில். பிறகு முறிந்த முகத்தை நுண்ணோக்கியில் வைத்தார். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நாலைந்து பேரும் சுற்றி நின்றார்கள்.

முகத்தில் இரண்டு பகுதி. சுமார் மூன்றில் இரண்டு பங்கு கருத்த பழுப்பு. அதில், மெரினா மணலில் அலை விட்டுப் போகிற கோடுகள் மாதிரி, ஒன்றுக்குள் ஒன்றாக வளைவுகள். மிச்சம் ஒரு பங்கு மட்டும் சொரசொரப்பாக, சாம்பல் நிறத்தில். மாணவர்களிடமே கேட்டார். ஒரு பெண் சரியாகச் சொன்னாள்: கோடுகள் இருக்கிற இடம் களைப்பு விரிசல், கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. சொரசொரப்பான இடம் கடைசி நாளில் ஒரே அடியில் முறிந்தது. விரிசல் தொடங்கிய புள்ளியையும் காட்டினாள். மரையின் அடியில், துரு அரித்த ஒரு சின்னக் குழி.

"வருஷத்தைத் துல்லியமாச் சொல்ல முடியாது" என்றார் பேராசிரியர். "ஆனா இவ்வளவு துரு அரிச்சு, அந்தக் குழியிலேர்ந்து இவ்வளவு தூரம் விரிசல் வளர்ந்து, விரிசலுக்குள்ளேயும் துரு ஏறியிருக்கு. இது மூணு மாசத்து வேலை இல்லப்பா. எந்த வருஷமா இருந்தாலும் யார் கையிலயாவது முறிஞ்சிருக்கும்."

அக்டோபரிலிருந்து ஜனவரி வரை மூன்று மாதம். அப்பா அடித்த கிரீஸுக்கு இருந்த அவகாசம் அவ்வளவுதான். அதற்குள் அது இதைச் செய்திருக்க முடியாது. விரிசல் அதற்கு வெகு முன்பே உள்ளே இருந்தது. கறுப்பு அடுக்கும் அதையே சொன்னது. அந்தக் கறுப்பை அடித்தது யார்? தாத்தாவா, ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப் பையனா? அந்த அடுக்கில் கையெழுத்து இல்லை.

வீட்டுக்கு வந்து, நுண்ணோக்கிப் படத்தை அப்பா முன் வைத்து, பரீட்சைக்குச் சொல்வது போல ஒவ்வொரு கோடாக விளக்கினேன். ரொம்ப நேரம் தண்டைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்:

"அவருக்குத் தெரிஞ்சிருக்குமோ?"

என்னிடம் பதில் இல்லை. பட்டறை வைத்திருந்தவர் தாத்தா. முறிந்த முகத்தைப் படிக்கத் தெரியாதவர் இல்லை. துணி சுற்றிப் பத்திரமாக வைத்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பாவும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இரண்டு பேரும் ஒரே வீட்டில் பன்னிரண்டு வருஷம் இருந்தார்கள். வண்டியைப் பாழாக்கியது காசில்லாததோ, உதிரி பாகம் கிடைக்காததோ இல்லை. தண்டுக்கு மாற்று வாங்க இங்கிலாந்துக்கு ஒரு கடிதம் போதும். எழுதத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. ஏன் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

மறுநாள் முதல் அப்பா ஷெட்டுக்கு வரத் தொடங்கினார்.

ஆயில்

தண்டுகளையும் ட்ரன்னியன்களையும் இரண்டு பக்கமும் புதிதாகவே இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். பழைய ஹெரால்டு சாமான் தருகிறேன் என்றவர்கள் உண்டு. உயிர் தாங்குகிற இடத்தில் பழசு வேண்டாம் என்று பாயே சொல்லிவிட்டார். பொருத்தும் அன்று அப்பா புதுக் கன் ஒன்றை வாங்கி வந்தார். தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயிலைத் தன் கையால் அதில் நிரப்பினார். அடித்தார். மரையின் மேல் விளிம்பில் ஆயில் கசிந்து வரும்வரை அடித்தார். பாய் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "போதும் சார், குளிப்பாட்டிட்டீங்க" என்றார்.

ஸ்டார்ட் ஆக மறுத்ததில் கடைசி வேடிக்கை ஒன்று. இளம் எலக்ட்ரீஷியன் வழக்கம் போல பேட்டரியின் மைனஸை பாடியில் கொடுத்துவிட்டார். அந்தக் காலத்து ஸ்பிட்ஃபயரில் பிளஸ்தான் எர்த். இக்னிஷன் காயிலுக்குத் துருவம் மாறினால் பொறி பலவீனமாகிவிடும். மாற்றிக் கொடுத்ததும் மூன்றாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. முதலில் ஒரு இருமல், பிறகு புகை, பிறகு அந்தக் கரகரத்த சத்தம். எதிர் வீட்டு மாமி பால்கனிக்கு வந்து, "உங்க மாமனார் வண்டியா?" என்று அம்மாவிடம் கேட்டார். முப்பத்து நாலு வருஷம் கழித்தும் சத்தத்தை அடையாளம் தெரிந்திருக்கிறது!

2023 ஆயுத பூஜையன்று வண்டிக்குத் தார்ப்பாய் இல்லாமல் பொட்டு வைத்தோம். பாட்டி அதைப் பார்க்க இல்லை. நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். யார் ஏற்றி நசுக்குவது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அப்பா கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்து சீட்டைத் தட்டிக் காட்டினார். நான் ஏறினேன். எலுமிச்சம்பழம் நசுங்கியது. தெருக்கோடி வரை முதல் கியரில் போனோம். அங்கே இருக்கும் சின்ன முக்கில், ஒரே திருப்பாக, ரிவர்ஸ் போடாமல் திருப்பினார். சந்துக்குள் திரும்பும்போது மட்டும் அவர் கை ஒரு நொடி தயங்கியது. பிறகு திருப்பினார். வண்டி திரும்பியது, அவ்வளவுதான்.

தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொல்வதாக ஒப்புக்கொண்டேன் அல்லவா? அது சின்னதுதான். கிரீஸ் கன் என்று பெயர் இருப்பதால் உள்ளே கிரீஸ்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, கையேட்டைப் படியுங்கள். ஏதாவது உடைந்தால் உடைந்த முகத்தைப் பத்திரப்படுத்துங்கள். ஆனால் பத்திரப்படுத்தினால் மட்டும் போதாது. அதை எடுத்து வைத்து, சம்பந்தப்பட்டவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

ஒன்றுகூடல் நாளன்று ஸ்பிட்ஃபயர் இயந்திரவியல் துறைக் கட்டடத்தின் முன் நிற்கும். அப்பாவும் வருகிறார். முடிந்தால் பாயும் வருவார். ஹெரால்டு வைத்திருந்த அண்ணன்மார்கள் அவரோடு பேச மறந்துவிடாதீர்கள். உடைந்த தண்டையும் மேஜை மேல் வைக்கிறோம். ட்ரன்னியனுக்கு அன்றைக்கு மறுபடி ஆயில் விட வேண்டிய தவணை. யாருக்கு விருப்பமோ, கன் அப்பாவிடம் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.